நெகட்டிவ்னு வந்துச்சு, நம்பிட்டேன்

கிழவின்னு நாங்க பேரு வச்ச குரங்கு செத்த அன்னைக்கு நான் மாஸ்க் போடல. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா போகப்போக குரங்குக்கு வர்ற டிபியை (காசநோயை) பத்தி நான் ஏதோ விஷயம் தெரிஞ்ச ஆளு மாதிரி பேசுவேன், அதுக்கு முன்னாடி என் லட்சணம் உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும். தென்னை மரத்தடியில பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரிச்சுப் போட்டு, கையில கிளவுஸ் மட்டும் மாட்டிக்கிட்டு நெஞ்சைத் திறந்தேன். நுரையீரல் பூரா சுண்டைக்காய் சைசுக்கு வெள்ளை வெள்ளையா கட்டி. ஒண்ணை கத்தி வச்சு ரெண்டா அறுத்தா உள்ள நீத்துப்போன சுண்ணாம்பு மாதிரி இருக்கு. மண்ணீரல்லயும் அதே மாதிரி, சின்னது சின்னதா. என்னடா இதுன்னு குனிஞ்சு மூஞ்சிக்கு பக்கத்துல வச்சு வேற பாத்தேன்.

என் தொழில் ஆடும் மாடும்தான். ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி பக்கம் சின்னதா ஒரு கிளினிக். கீழக்கரிசல் ஆடு, ராமநாதபுரம் வெள்ளை ஆடு, அப்பப்ப நாய், கோழி. குரங்கு வைத்தியம் காலேஜ்ல ரெண்டு மூணு கிளாஸ் கேட்டதோட சரி. கடற்கரைக்கு கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு தென்னந்தோப்புல, வனத்துறை அனுமதியோட சிலபேர் சேந்து மீட்ட குரங்குகளை வச்சு பாத்துக்கிட்டு இருந்தாங்க, பதினோரு நாட்டுக்குரங்கு. பாதி குரங்கு வித்தை காட்டுறவங்ககிட்ட இருந்து பிடிச்சது (குரங்கை வச்சு வித்தை காட்டக்கூடாதுன்னு 1998லயே மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு, ஆனாலும் திருவிழா சீசன்ல எங்கேயாவது ஒண்ணு கண்ணுல படும்), மீதி வீட்டுல குட்டியில இருந்து சங்கிலி போட்டு வளத்துட்டு கடிக்க ஆரம்பிச்சதும் வேண்டாம்னு விட்டது. நம்ம பக்கத்து வனத்துறைக்காரங்களுக்கு கடல் அட்டை, கடல் குதிரை கடத்துறவங்களை பிடிக்கிறதுதான் அன்றாட வேலை, குரங்கு கேஸ்னா அவங்களுக்கும் புதுசு, எனக்கும் புதுசு. அப்படித்தான் இந்த வேலை என் தலையில வந்து விழுந்துச்சு. இது கொரோனாவுக்கு முந்தின வருஷம்.

கிழவி, அந்த பெட்டைக்குரங்கு, சாகுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, அங்க ராத்திரி பகலா இருந்து பாத்துக்கிட்ட பெரியவர் போன் போட்டாரு. "தம்பி, கெழவி எளைச்சுப் போறா, சாப்பாடு எப்பவும் போலதான் சாப்பிடுறா." போய் பாத்தேன். இருமல் இல்ல, சளி இல்ல, மூச்சு வாங்கல. முடி மட்டும் சொரசொரன்னு நிக்குது. குடல்புழுன்னு முடிவு பண்ணி புழு மருந்து கொடுத்துட்டு வந்துட்டேன். அக்குள்லயும் தொடை இடுக்குலயும் கை விட்டு நெறிக்கட்டி பாத்திருக்கணும், பாக்கல. எடை போட்டிருக்கணும், போடல. குரங்குக்கு டிபி வந்தா மனுஷனுக்கு வர்ற மாதிரி லொக்கு லொக்குன்னு இருமும்னு ஒரு நினைப்பு நமக்கு. பல குரங்கு கடைசி வரைக்கும் இருமவே இருமாது. நேத்து வரைக்கும் கம்பியில தொங்கி ஆடிக்கிட்டு இருந்தது இன்னைக்கு காலையில செத்துக் கிடக்கும், திறந்து பாத்தா நுரையீரல் பாதி இருக்காது.

அடுத்த தப்பு இதைவிடப் பெருசு. நுரையீரல் துண்டு, மண்ணீரல் துண்டு, நெறிக்கட்டி எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு ஃபார்மலின் (சதை அழுகாம வைக்கிற மருந்து) ஊத்தி மூடிட்டேன். மூணு வாரம் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு, கிரானுலோமா (கிருமியைச் சுத்தி உடம்பு கட்டுற கட்டி) இருக்கு, ஆசிட் ஃபாஸ்ட் பாசில்லி (சாயம் ஏத்தி ஆசிட்ல கழுவுனாலும் நிறம் போகாத குச்சிக் கிருமி) தெரியுதுன்னு. அதாவது மைக்கோபாக்டீரியா குடும்பத்துல ஏதோ ஒண்ணு. ஆனா அந்தக் குடும்பம் பெருசு. மனுஷ டிபி கிருமியும் அதுல இருக்கு, மாட்டு டிபி கிருமியும் இருக்கு, மண்ணுலயும் தண்ணியிலயும் சும்மா கிடக்குற ஏவியம், கன்சாசி மாதிரி சோதாக்களும் இருக்கு, தொழுநோய் கிருமிகூட அதே குடும்பம்தான். மைக்ரோஸ்கோப்ல பாத்தா எல்லாம் செவப்பு குச்சி, அவ்வளவுதான். எதுன்னு பிரிக்கணும்னா லேப்ல கிருமியை வளக்கணும், அதாவது கல்ச்சர் போடணும், கல்ச்சர் போட கிருமி உயிரோட வேணும், ஃபார்மலின் அதை கொன்னுரும். இனிமே யாராவது இந்த மாதிரி அறுக்கப் போனா ரெண்டு செட்டு எடுத்துக்கோங்க, ஒண்ணு ஃபார்மலின்ல, இன்னொண்ணு சுத்தமான வெறும் டப்பாவுல ஐஸ் பெட்டிக்குள்ள. நமக்கு ஐஸுக்கா பஞ்சம், மீன் ஐஸ் கம்பெனி தெருவுக்கு ஒண்ணு இருக்கு. மூஞ்சிக்கு என்95 போடாம கத்தியை கையில எடுக்காதீங்க, கட்டியை ஈரத்துணி போட்டு வச்சு அறுங்க, தூசியா பறக்காது.

ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்ல. மீதி பத்து குரங்கு, அதோட பழகுற நாலு மனுஷன், அப்புறம் நானு.

முதல்ல மனுஷங்களை பாக்கணும்ங்கிற புத்தி எனக்கு தானா வரல, மெட்ராஸ்ல எனக்கு பாடம் எடுத்த ஒரு சார் சொல்லித்தான் வந்துச்சு. "டேய், காட்டுல இருக்குற குரங்குக்கு டிபி எங்கடா இருந்து வரும், அது நம்மகிட்ட இருந்துதான் போகுது, முதல்ல ஆளுங்க நெஞ்சை எக்ஸ்ரே எடு." நாலு பேரையும் எக்ஸ்ரே, சளி டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போனேன். மூணு பேருக்கு ஒண்ணும் இல்ல, எனக்கும் இல்ல. பெரியவருக்கு இருந்துச்சு. ரெண்டு மூணு மாசமா இருமிக்கிட்டுதான் இருந்திருக்காரு, பீடி இருமல்னு அவரும் விட்டுட்டாரு, நாங்களும் விட்டுட்டோம். அவரு கூண்டுக்கு ஒட்டி கயித்துக்கட்டில் போட்டு படுக்குற ஆளு. தான் கடிச்ச வடையில பாதியை கம்பிக்குள்ள கொடுப்பாரு. பெத்த பிள்ளைங்க கூட இல்ல, அவருக்கு இதுங்கதான் எல்லாம். இதுல இன்னொண்ணு, வாடைக்காத்து உப்போட அடிக்குதுன்னு கூண்டுக்கு மூணு பக்கமும் தார்ப்பாய் கட்டி வச்சிருந்தோம், அக்கறையாத்தான் கட்டுனோம், காத்து வெளிய போக வழியில்லாம அத்தனை மூச்சும் உள்ளயே சுத்திக்கிட்டு இருந்திருக்கு.

அவருகிட்ட விஷயத்தை சொல்ல எனக்கு வாய் வரல. "அப்ப கெழவியை நான்தான் கொன்னேனா தம்பி"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. யாருக்கு யாரு கொடுத்ததுன்னு சொல்ல முடியாதுண்ணே, வித்தைக்கார குரங்கு கூட கொண்டு வந்திருக்கலாம்னு சொன்னேன். பொய் இல்ல அது. ஆனா அவரு கேட்ட மாதிரி தெரியல. டவுன்ல மாத்திரை ஆரம்பிச்சாங்க, ஆறு மாசம், அப்ப மாசம் 500 ரூபா சத்துணவுக்கு கவர்மெண்டு பணம். கூண்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டோம், தோப்போட அந்தக் கோடியில ஓலைக்கொட்டகையில தங்குனாரு.

இப்ப குரங்குக்கு வருவோம். நான் பண்ண முதல் வேலை, மெடிக்கல்ல சொல்லி மனுஷனுக்கு மாண்டூ டெஸ்ட் (தோல்ல ஊசி போட்டு டிபி இருக்கான்னு வீக்கத்தை வச்சு பாக்குறது) போடுற மருந்து வாங்கி பத்துக்கும் போட்டேன். பத்தும் நெகட்டிவ். அப்பாடான்னு இருந்துச்சு. சாருக்கு போன் போட்டு பெருமையா சொன்னேன். "எத்தனை யூனிட் போட்ட?"ன்னாரு. அஞ்சு சார்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கிடைச்ச பாட்டு இங்க எழுதுற மாதிரி இல்ல.

விஷயம் என்னன்னா, டியூபர்குலின்னா மாண்டூவுல போடுற மருந்து, டிபி கிருமியில இருந்து எடுக்குறது, அதுக்கு மனுஷத் தோல் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர்ற மாதிரி, கொஞ்சம் போட்டாலே வீங்கும். குரங்குத் தோல் அவ்வளவு சீக்கிரம் அசையாது. மனுஷனுக்கு 0.1 மில்லியில 5 யூனிட்டுன்னா குரங்குக்கு போடுற பழைய டியூபர்குலின்ல அதே 0.1 மில்லியில 1500 யூனிட் அளவுக்கு இருக்கும். நான் போட்டது கடல்ல பெருங்காயம் கரைச்ச கதை. அந்த பழைய டியூபர்குலினுக்கும் ஒரு கதை இருக்கு, டிபி கிருமியை 1882ல கண்டுபிடிச்ச ராபர்ட் காக் 1890ல இதை நோய்க்கு மருந்துன்னு அறிவிச்சு, மருந்தா அது தோத்துப்போயி, கடைசியில நோய் இருக்கா இல்லையான்னு பாக்குற டெஸ்டா நிலைச்சிருச்சு. நமக்கு அந்தச் சரக்கு கைக்கு கிடைக்கல, இசத்நகர் ஐவிஆர்ஐ-ல (மத்திய அரசோட கால்நடை ஆராய்ச்சி நிலையம்) மாட்டுக்குன்னு தயாரிக்கிற பிபிடி-யை, அதாவது சுத்தப்படுத்துன டியூபர்குலினை, சார் மூலமா வரவழைச்சோம். மனுஷ டிபி கிருமிக்கும் மாட்டு டிபி கிருமிக்கும் புரதம் பெரும்பாலும் ஒண்ணுதான்ங்கிறதால அது இதுக்கும் வேலை செய்யும். வெயில்ல வைக்கக்கூடாது, உறையவும் விடக்கூடாது, அதனால தெர்மாகோல் பெட்டிக்குள்ள ஐஸை துணியில சுத்தி வச்சு, பாட்டில் ஐஸை நேரா தொடாம கொண்டு போனேன். மீன் பெட்டி நாத்தம் மருந்துக்கு ஒண்ணும் பண்ணாது.

எங்க போடுறதுன்னா மேல் கண்ணிமையில. கேக்க பயமாத்தான் இருக்கும். மயக்கம் கொடுத்துட்டு, இமை ஓரத்துல 27 கேஜ் ஊசியில தோலுக்குள்ளயே 0.1 மில்லி, சின்னதா ஒரு கொப்புளம் எழும்பணும், எழும்பலைன்னா ஆழமா போயிருச்சுன்னு அர்த்தம். ஏன் கண்ணுல போய் போடுறாங்கன்னா, போட்ட பிறகு திரும்ப குரங்கை பிடிக்க வேண்டியதில்ல. 24, 48, 72 மணி நேரத்துல கூண்டுக்கு வெளிய நின்னு ஒரு வாழைப்பழத்தை காட்டுனா அது நம்மளை பாக்கும், நாம அது கண்ணை பாக்கலாம். இதுக்கு மார்க் கணக்கு உண்டு, ஒண்ணும் இல்லைன்னா 0, ஊசி குத்துன காயம் மட்டும்னா 1, செவந்திருந்து வீக்கம் இல்லைன்னா 2, மிதமான வீக்கம் 3, இமை தொங்கிப்போற அளவுக்கு வீங்கினா 4, கண்ணு மூடி தோல் அழுகுற மாதிரி போனா 5. ஒண்ணு ரெண்டு வரைக்கும் நெகட்டிவ், 4ம் 5ம் பாசிட்டிவ், 3தான் உயிரை வாங்குறது, திரும்ப போட்டுதான் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் எந்தக் கண்ணுன்னு நோட்டுல எழுதுங்க, அடுத்த தடவை மாத்திப் போடணும். நான் இடது வலதுன்னு எழுதிட்டு அப்புறம் என் இடதா அது இடதான்னு முழிச்சிருக்கேன். போட்டோ எடுத்து வைங்க, ஒரே நேரத்து வெளிச்சத்துல, ஏன்னா 48 மணி நேரத்துல பாத்த வீக்கம் கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு ஞாபகத்தை வச்சு சொல்ல முடியாது.

ஒத்தக்கண்ணனுக்கு மட்டும் வேற ஏற்பாடு, அவனுக்கு ஒரு கண்ணு எவனோ கல்லெறிஞ்சதுல போயிருச்சு, இருக்குற ஒண்ணுல வீக்கம் வந்து மூடிக்கிட்டா பாவம் அதுவும் தெரியாது. அதனால வயித்துல முடியை மழிச்சு, மார்க்கர்ல வட்டம் போட்டு அங்க போட்டோம். வயித்துல போட்டா படிக்க திரும்ப பிடிக்கணும், அவன் என் கையில போட்ட கீறல் இன்னும் இருக்கு. சொல்ல மறந்துட்டேன், குரங்கு கடிச்சாலோ கீறினாலோ பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி, ரேபிஸ் ஊசியை நாளைக்கு பாத்துக்கலாம்னு தள்ளக்கூடாது.

48 மணி நேரத்துல போனேன். விடிஞ்சும் விடியாம இருக்கு. ராசாத்தி கம்பிகிட்ட வந்து உக்காந்தா, வலது கண்ணு இமை தொங்கி பாதி மூடியிருக்கு. பாக்க நல்லா கொழுகொழுன்னு இருந்த குரங்கு அது, எடையும் கொறையல. சந்தேகமே இல்லாத 4. மொட்டையனுக்கு 3 மாதிரி. மீதி எட்டும் சுத்தம். ஒத்தக்கண்ணன் வயித்துலயும் ஒண்ணும் இல்ல. மொட்டையனோடது 72 மணி நேரத்துல வடிஞ்சிருச்சு, ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த கண்ணுல போட்டப்ப ஒண்ணுமே இல்ல, மயக்கம் சரியா ஏறாம முண்டுனதுல ஊசி இழுத்துருச்சுன்னு நினைக்கிறேன்.

சுத்தம்னு சொன்ன எட்டுல பீமனும் ஒருத்தன். எட்டு கிலோ இருந்த கடுவன். மீன் தராசுல கூடையை தொங்கவிட்டு எடை போட ஆரம்பிச்சிருந்தோம் (கிழவி சாவுக்கு அப்புறம் வந்த புத்தி), அதுல அவன் ஏழு கிலோ, ஆறரைன்னு எறங்கிக்கிட்டே வர்றான். கண்ணிமையில 0. அதை வச்சுக்கிட்டு நான் இவனுக்கு டிபி இல்ல வேற என்னமோன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். சார் சொன்னாரு, நோய் முத்திப்போன உடம்பு டியூபர்குலினுக்கு பதிலே சொல்லாதுடா, அதே மாதிரி புதுசா தொத்தின உடம்பும் முதல் மூணு நாலு வாரம் பதில் சொல்லாது, நடுவுல இருக்கிறதுதான் சொல்லும்னு. தட்டம்மை வந்து போன உடம்பும், ஸ்டீராய்டு போட்ட உடம்பும் இப்படித்தான் வாயை மூடிக்கும்.

பீமன் விஷயத்துல இன்னொரு கூத்து. ஒரு நாள் காலையில அவன் கூண்டு தரையில மூத்திரம் ஆரஞ்சு செவப்புல கிடக்கு. ரத்தமா போகுது, கிட்னி போச்சுன்னு பதறி ஸ்ட்ரிப் நனைச்சு பாத்தா ரத்தம் இல்ல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அந்த நிறத்தை எங்கயோ பாத்திருக்கமேன்னு. டிபி மாத்திரை சாப்பிடுறவங்க மூத்திரம். அதுல இருக்குற ரிஃபாம்பிசின்ங்கிற மருந்தோட நிறம். நேரா ஓலைக்கொட்டகைக்கு போனேன். பெரியவர் என்னைப் பாக்காம கடல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கேட்டதுக்கு, "நான் எளைச்சப்ப எனக்கு மாத்திரை கொடுத்தாங்கல்ல தம்பி, அவனும்தான் எளைக்கிறான்"னாரு. தனக்கு கொடுத்ததுல ஒரு மாத்திரையை மிச்சம் பிடிச்சு ராத்திரி எல்லாரும் போனதுக்கு அப்புறம் வாழைப்பழத்துக்குள்ள வச்சு கொடுத்திருக்காரு, பதினஞ்சு இருவது நாளா, டெஸ்டுக்கு முந்தியில இருந்தே.

நான் கோவப்படணும்னுதான் நினைச்சேன். அவரு தன் டோஸையும் கெடுத்துக்கிட்டாரு, அரைகுறையா சாப்பிட்டா மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும், அது அவரு உடம்புலயும் நடக்கலாம் குரங்கு உடம்புலயும் நடக்கலாம். அதோட ஐசோநியாசிட் (இதுவும் டிபி மருந்துதான்) உடம்புல ஓடிக்கிட்டு இருந்தா கண்ணிமை டெஸ்ட் மழுங்கிப் போகும், இருக்குற நோயை இல்லைன்னு காட்டும். பீமனோட 0க்கு நோய் முத்தினது பாதி காரணம்னா மாத்திரை மீதி. அன்னைல இருந்து அவரு மாத்திரையை டவுன்ல இருந்து வர்ற சுகாதார அக்கா முன்னாடியே முழுங்கணும்னு ஆச்சு. டெஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இதுக்கு யாராவது ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களான்னு கேட்டிருக்கணும். சமையல்காரர், வாட்ச்மேன், வந்து போறவங்க வரைக்கும் கேக்கணும், அதட்டாம கேக்கணும், அதட்டுனா யாரு சொல்லுவா.

பீமனுக்கு எக்ஸ்ரே எடுக்க அலைஞ்ச அலைச்சல் தனிக்கதை, ஒரு ஸ்கேன் சென்டர்ல வாசல்லயே விரட்டிட்டாங்க, கடைசியில குதிரைக் காலுக்கு எடுக்குற போர்ட்டபிள் மிஷினை தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் மதுரையில இருந்து கார்ல கொண்டு வந்தாரு. வலது கீழ்ப்பக்கம் மங்கலா ஒரு படலம். ஆனா குரங்கு எக்ஸ்ரேயை ரொம்ப நம்பக்கூடாது, மனுஷனுக்கு தெரியுற மாதிரி சுண்ணாம்பு படிஞ்சு பளிச்சுன்னு தெரியுறது கம்மி, சின்ன கட்டியா இருந்தா படத்துல வரவே வராது. சந்தேகத்தை கூட்டும், கொறைக்காது, அதுக்குத்தான் எக்ஸ்ரே.

குரங்கு சளி துப்பாது, வர்ற சளியை முழுங்கிரும். அதனால காலையில வெறும் வயித்துல மயக்கத்துல வச்சு, மூக்கு வழியா சின்ன டியூப் விட்டு, இரைப்பையை கொஞ்சம் சலைன் ஊத்தி கழுவி அந்தத் தண்ணியை எடுத்தோம். சின்னக் குழந்தைங்களுக்கு இப்படித்தான் எடுப்பாங்க. வசதி இருக்குற இடத்துல நுரையீரலையே கழுவி எடுப்பாங்க, நமக்கு அதெல்லாம் இல்ல. மாதிரியை டிபி கிருமியோட டிஎன்ஏவை தேடுற ஜீன்எக்ஸ்பெர்ட் மிஷின்ல போடணும், மனுஷ லேப்ல குரங்கு மாதிரியை வாங்க மாட்டேன்னாங்க, நியாயம்தான், அவங்க கம்ப்யூட்டர்ல பேஷண்டு பேரு ஆதார் எல்லாம் கேக்குது. வனத்துறை லெட்டர், கால்நடைத்துறை லெட்டர் ரெண்டையும் வச்சு பேசி ஒரு வழியா இன்னொரு லேப்ல சம்மதிச்சாங்க. ஃபார்ம்ல பேரு பீமன், ஆண், வயசு 12, தொழில் கட்டத்துல அந்த டெக்னீசியன் தம்பி ஒரு கோடு போட்டு சிரிச்சுக்கிட்டே வாங்குனாரு. ரெண்டு மணி நேரத்துல ரிசல்ட், டிபி கிருமி இருக்கு, ரிஃபாம்பிசினுக்கு மசியும். இந்த மிஷின்ல ஒரு லாபம், மாத்திரை தின்னு கிருமி செத்திருந்தாலும் அதோட டிஎன்ஏ கிடந்தா பிடிச்சிரும். நஷ்டமும் அதேதான், குணமானவனையும் பாசிட்டிவ்னு காட்டும். மனுஷ டிபியா மாட்டு டிபியான்னும் பிரிச்சு சொல்லாது.

ரத்தத்துல பாக்குற டெஸ்டும் இருக்கு. இன்டர்ஃபெரான் டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான், ஆனா அது ரத்தத்துல உயிரோட இருக்குற செல்லை கிருமிப் புரதத்தோட ஊறவச்சு, அது இன்டர்ஃபெரான்ங்கிற புரதத்தை விடுதான்னு பாக்குறது, எடுத்த சில மணி நேரத்துல லேப்ல ஊறவச்சாகணும். இங்க இருந்து மெட்ராஸுக்கு ராத்திரி பூரா ரயில்ல போனா செல்லு தாக்குப்பிடிக்குமான்னு சொல்ல முடியாது. அதோட மனுஷ கிட்டு குரங்கோட இன்டர்ஃபெரானை சரியா பிடிக்குமாங்கிறதையும் பாக்கணும், குரங்குக்குன்னே செஞ்ச கிட்டு வேற. ஆன்டிபாடி பட்டை இருக்கே, கர்ப்ப டெஸ்ட் மாதிரி கோடு விழுறது, அது சுளுவு, ஆனா நோய் முத்துனாதான் கோடு விழும். கண்ணிமை டெஸ்ட் வாயை மூடிக்கிற நேரத்துல அது வாயைத் திறக்கும், அதனால ரெண்டையும் சேத்து போடுறது நல்லது. எங்ககிட்ட அப்ப அது இல்ல.

ராசாத்தியையும் பீமனையும் வனத்துறை உத்தரவு வாங்கி ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சோம். உத்தரவு இல்லாம நாமளா ஒரு ஊசி போடக்கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. மருந்து கொடுத்து பாக்கலாமேன்னு நிறைய பேரு கேட்டாங்க, பெரியவரும் கேட்டாரு. நாலு மருந்தை தினமும் மாசக்கணக்குல ஒரு குரங்கு வாயில போட்டு, அது துப்பாம பாத்து, அதுவரைக்கும் மத்த எட்டையும் மனுஷங்களையும் காப்பாத்த தனிக் கட்டடம், தனி ஆளு, எங்ககிட்ட எதுவும் இல்ல. இதை பத்தி இதுக்கு மேல எழுத விருப்பம் இல்ல. ராசாத்தி நெஞ்சைத் திறந்தப்ப நுரையீரல் நடுவுல நெறிக்கட்டி நெல்லிக்காய் சைசு, மத்தபடி சுத்தம், வெளிய பாத்தா யாரும் நோயாளின்னு சொல்லமாட்டாங்க. இந்தத் தடவை ஐஸ்ல வச்சு அனுப்புனேன். கல்ச்சர்ல அஞ்சு வாரத்துல வளந்துச்சு, மனுஷ டிபி கிருமிதான்.

குட்டச்சின்னு ஒண்ணு, அது வேற மாதிரி குழப்பிருச்சு. ஓயாத வயித்தால, இளைப்பு. கண்ணிமை மூணு தடவையும் 0. சாணியில ஆசிட் ஃபாஸ்ட் குச்சி எக்கச்சக்கம். ஐயோ அடுத்ததுன்னு அலறிப்போயி எக்ஸ்பெர்ட்ல போட்டா டிபி இல்லைங்குது. ரெண்டும் சரிதான், கல்ச்சர்ல ஏவியம் வகைன்னு வந்துச்சு. அது குடலைப் பிடிக்கிற கிருமி, டிபி பிபிடிக்கு பெரும்பாலும் அசையாது, எக்ஸ்பெர்ட் டிபி கிருமி கூட்டத்தை மட்டும்தான் தேடும். குச்சி தெரிஞ்சதும் டிபின்னு முடிவு கட்டி இதையும் தூங்க வச்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்னு இப்பவும் நினைப்பேன், அது எப்படியும் நாலு மாசத்துல செத்துப்போச்சு, ஆனாலும். ஊருணித் தண்ணியை அப்படியே தொட்டியில ஊத்திக்கிட்டு இருந்தோம், அதை நிறுத்தி கொதிக்க வச்ச தண்ணிக்கு மாறினோம்.

மீதி ஏழையும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கண்ணு மாத்தி மாத்தி டெஸ்ட் போட்டோம். தொடர்ந்து மூணு தடவை எல்லாருமே சுத்தம்னு வந்தாத்தான் கணக்கு, நடுவுல ஒண்ணு பாசிட்டிவ் ஆனா எல்லாருக்கும் மறுபடி முதல்ல இருந்து. தார்ப்பாயை அவுத்துட்டு மேல மட்டும் ஓலை போட்டோம், வெயிலும் காத்தும் உள்ள போகட்டும்னு. கூண்டு கழுவுற மருந்து விஷயத்துல ஒரு சின்ன எச்சரிக்கை, வாசனையா விக்கிற குவாட்டர்னரி அம்மோனியம் வகை தரை லோஷன் இந்தக் கிருமியோட மெழுகுத் தோலை ஒண்ணும் பண்ணாது, பாட்டில்ல டிபி கிருமியைக் கொல்லும்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, அதையும் ஊத்துன உடனே கழுவிவிடாம ஊற விடணும். முதல்ல சாணியை வழிச்சு எடுங்க, சாணி மேல எந்த மருந்தை ஊத்துனாலும் அது சாணிக்குத்தான் போகும். புதுசா வர்ற குரங்கு தனிக் கூண்டு, தனி வாளி, தனி விளக்குமாறு, மூணு டெஸ்ட் முடியுற வரைக்கும் கூட்டத்தோட சேக்குறதில்ல. வேலைக்கு புதுசா வர்ற ஆளுக்கும் எக்ஸ்ரே பாத்துட்டுதான் கூண்டு சாவி.

பெரியவர் ஆறு மாசம் முடிச்சு, சளி சுத்தம்னு சீட்டு வாங்கிட்டு வந்தாரு. அஞ்சு கிலோ கூடியிருந்தாரு. மாஸ்க் போட்டுக்கிட்டு கூண்டுக்கு பத்தடி தள்ளி நின்னாரு, யாரும் தள்ளி நிக்கச் சொல்லல. குரங்குகளுக்கு ஆளு யாருன்னு தெரியல, ரெண்டு மூணு பல்லைக் காட்டுச்சு. அவரு வழக்கமா கூப்பிடுற மாதிரி நாக்குல ஒரு சத்தம் கொடுத்தாரு. ஒத்தக்கண்ணன் மட்டும் மேல இருந்து எறங்கி வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தான். அன்னைக்கு எடை போடுற நாள். நான் கூடையை மாட்டினேன், அவரு தள்ளி நின்னே மீன் தராசு முள்ளைப் பாத்து படிச்சாரு.

"அஞ்சு கிலோ தொள்ளாயிரம். போன மாசம் எவ்வளவு தம்பி?"

நோட்டைப் பாத்தேன். அஞ்சு எழுநூறு.

"எழுதிக்கங்க," ன்னாரு.